தலைமாட்டில் ஓடும் மோட்டார்

ஆபரேஷன் தியேட்டரைச் சுற்றிக் காட்டும் டாக்டர்கள் எதையெல்லாம் பெருமையாகக் காட்டுவார்கள்? மயக்க மருந்து இயந்திரம், வண்ண வண்ணமாய்க் கோடு ஓடும் மானிட்டர், லேப்ராஸ்கோபி கேமரா, மேலே தொங்கும் பெரிய விளக்கு. மூலையில் சக்கரம் வைத்த வண்டியில் இரண்டு ஜாடிகளோடு நிற்கிற சக்‌ஷன் மெஷினை யாரும் காட்ட மாட்டார்கள். அது பார்க்க லட்சணமாக இருக்காது. ஓடினால் இரைச்சல். ஜாடிக்குள் சேர்ந்திருப்பதைப் பார்த்தால் வயிற்றைப் புரட்டும். ஆனால் அது ஓடுகிறதா என்று பார்க்காமல், பொறுப்புள்ள எந்த மயக்க மருத்துவரும் நோயாளியைத் தூங்க வைக்கும் ஊசியைப் போட மாட்டார்.

வாயிலும் தொண்டையிலும் சேரும் எச்சில், சளி, ரத்தம், வாந்தி எல்லாவற்றையும் உறிஞ்சி வெளியே எடுப்பதுதான் அதன் வேலை. அறுவை நடக்கும் இடத்தில் ரத்தத்தை உறிஞ்சி, சர்ஜனுக்குக் கண் தெரியும்படி செய்வதும் அதுவே. இந்த வேலை நின்றுபோனால் உயிர் போக நிமிடங்கள் போதும்.

சாப்பிடும்போது ஒரு பருக்கை தவறான வழியில் போனால் நமக்குப் புரையேறுகிறது. கண்ணில் நீர் வர இருமி இருமி அதை வெளியே தள்ளிவிடுகிறோம். பக்கத்தில் இருப்பவர் உச்சந்தலையில் தட்டுவார். மயக்க மருந்து கொடுத்த உடம்பில் இந்த இருமல் இல்லை. இரைப்பையின் வாயை இறுக்கிப் பிடித்திருக்கும் தசையும் தளர்ந்துவிடும். வயிற்றில் இருப்பது எந்தத் தடையும் இல்லாமல் தொண்டைக்கு ஏறி, அங்கிருந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். இறங்குவது சத்தமில்லாமல் நடக்கும். நோயாளி இருமுவதில்லை, திணறுவதில்லை. மானிட்டரில் ஆக்சிஜன் எண் சரியத் தொடங்கும்போதுதான் பல நேரங்களில் தெரியவரும்.

தொண்டைக்குள் போனது உயிரைப் பறித்ததா என்ற கேள்வி மயக்க மருந்தின் தொடக்க காலத்திலேயே எழுந்துவிட்டது. 1848 ஜனவரி 28. இங்கிலாந்தில் நியூகாசில் நகரை அடுத்த வின்லேட்டன் கிராமம். ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால்விரல் நகத்தை எடுக்க வேண்டும். டாக்டர் தாமஸ் மெகிசன் துணியில் குளோரோஃபார்ம் விட்டு முகத்தருகே பிடித்தார். சில நிமிடங்களில் அந்தப் பெண் இறந்துபோனாள். மயக்க மருந்து கொடுத்தபோது நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் என்று மருத்துவ வரலாற்றில் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். குளோரோஃபார்மைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த எடின்பரோவின் ஜேம்ஸ் சிம்ப்சன் வேறு காரணம் சொன்னார்: அவளைத் தெளிவிக்க வாயில் ஊற்றிய தண்ணீரும் பிராந்தியும்தான் மூச்சை அடைத்திருக்கும் என்பது அவர் வாதம். லண்டனின் ஜான் ஸ்னோ ஒப்புக்கொள்ளவில்லை. குளோரோஃபார்ம் அளவுக்கு மீறிப் போனதே காரணம் என்றார். யார் சொன்னது சரி என்ற வாதம் ஓயவே இல்லை. சிம்ப்சன் சந்தேகப்பட்டதுபோல் நடந்திருந்தால், அந்தக் கிராமத்து வீட்டில் தொண்டைக்குள் இருப்பதை எடுக்க விரலையும் துணியையும் தவிர வேறு எதுவும் இருந்திருக்காது.

கேள்விக்கு எண்களோடு பதில் வர கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் ஆயின. நியூயார்க் லையிங்-இன் மருத்துவமனையில் பணியாற்றிய மகப்பேறு மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன், 1932 முதல் 1945 வரை அங்கே நடந்த 44,016 பிரசவங்களின் குறிப்புகளை எடுத்துப் புரட்டினார். 66 தாய்மார்களுக்கு வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போயிருந்தது. இருவர் கெட்டியான உணவு அடைத்து மூச்சுத் திணறி இறந்திருந்தார்கள். திரவம் மட்டும் போனவர்களுக்கு ஆஸ்துமாபோல் இழுப்பு வந்தது. ஏன் என்று தெரிந்துகொள்ள முயல்களிடம் சோதனை செய்து, இரைப்பையின் அமிலமே நுரையீரலைப் பொசுக்குகிறது என்று காட்டினார். 1946ல் வெளியான அந்தக் கட்டுரைக்குப் பிறகு இந்தக் கோளாறு மெண்டல்சன் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பிரசவ அறையில் என்னென்ன இருக்க வேண்டும் என்றும் அவர் எழுதினார். உள்ளே வாந்தி தெரியும்படி ஒளி ஊடுருவும் மாஸ்க், தலைப்பக்கம் தாழ்த்தக்கூடிய மேசை, சக்‌ஷன். இன்றைக்கும் அந்தப் பட்டியலில் கை வைக்க எதுவும் இல்லை.

பழங்கதை என்று யாரும் ஒதுக்க முடியாது. மருத்துவ வசதிக்குக் குறைவில்லாத பிரிட்டனில் மயக்க மருந்தின்போது மூச்சுப்பாதையில் நேரும் விபத்துகளை நாடு முழுக்கத் திரட்டி 2011ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அந்த மரணங்களுக்குக் காரணமாக முதலிடத்தில் இருந்தது புரையேறியதுதான்.

மீட்டர் முள் சொல்லாதது

சக்‌ஷன் மெஷின் உறிஞ்சுகிறது என்கிறோம். உண்மையில் தள்ளுவது வெளியே இருக்கும் காற்று. மோட்டார் ஜாடிக்குள்ளிருக்கும் காற்றை எடுத்துவிடுகிறது. அழுத்தம் குறைந்த அந்த இடத்தை நோக்கி, வெளிக்காற்றின் அழுத்தம் ரத்தத்தையும் சளியையும் குழாய் வழியே நெட்டித் தள்ளுகிறது. இளநீர்க் கடையில் ஸ்ட்ரா போட்டுக் குடிக்கும்போது நடப்பதும் இதுவே. ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் எவ்வளவு இழுத்தாலும் வாய்க்குக் காற்றுதான் வரும். ஸ்ட்ரா மெலிதாக இருந்தால் வழுக்கைத் துண்டு அடைத்துக்கொள்ளும். சக்‌ஷனில் வரும் தொல்லைகளில் பாதி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரச அளவு. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷினும் இதைத் தாண்டி இழுக்க முடியாது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றழுத்தமே ஏறக்குறைய 580தான். சென்னையில் 600ஐத் தொடும் மெஷினை அங்கே கொண்டுபோனால் முள் அந்த எண்ணுக்கு வரவே வராது. மெஷினில் எந்தக் குறையும் இருக்காது.

முள் எவ்வளவு காட்டுகிறது என்பதை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அழுத்தம் ஒன்று, ஓட்டம் வேறொன்று. குழாய் நடுவில் எங்கோ மடங்கியிருந்தால் முள் 500ல் கம்பீரமாக நிற்கும். நோயாளியின் வாயிலிருந்து ஒரு சொட்டும் வராது. ஆம்புலன்ஸ் சக்‌ஷனுக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் அளவுகோல் இரண்டையும் கேட்கிறது: குழாயை அடைத்தால் 4 விநாடிக்குள் அழுத்தம் 300ஐ எட்ட வேண்டும், திறந்துவிட்டால் நிமிடத்துக்கு 30 லிட்டர் காற்றாவது ஓட வேண்டும். குழாயின் விட்டமும் முக்கியம். சீராக ஓடும் திரவத்துக்கு, குழாயின் விட்டம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். நீளம் கூடினாலும் ஓட்டம் குறையும். மேசைக்கு அடியில் சுருண்டு கிடக்கும் மூன்று நான்கு மீட்டர் குழாய் எந்த உபகாரமும் செய்வதில்லை.

அனுபவமுள்ள தியேட்டர் சிஸ்டர் மெஷினைச் சோதிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஸ்விட்சைப் போடுவார். குழாயின் முனையைக் கட்டைவிரலால் அடைப்பார். முள் விறுவிறுவென ஏறுகிறதா என்று பார்ப்பார். ஏறாவிட்டால் எங்கோ காற்றுக் கசிகிறது. ஜாடி மூடியின் ரப்பர் வாஷரைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார், ஏனென்றால் கழுவி மாட்டும்போது விலகிப்போவது அதுதான். பிறகு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக் குழாயை அதில் விடுவார். கிண்ணம் நொடியில் காலியாகி, ஜாடிக்குள் தண்ணீர் சளசளவென்று விழுந்தால் மெஷின் தயார். எல்லாம் சேர்த்து அரை நிமிட வேலை. இந்த அரை நிமிடத்தைத் தவறவிடாத சிஸ்டர் எத்தனை பேர் உயிரைக் காத்திருக்கிறார் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட இட்லி

தமிழ்நாட்டில் எந்தத் தாலுகா மருத்துவமனையிலும் நடக்கக்கூடியது இது. நள்ளிரவு. பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்கு உதிரப்போக்கு. குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது. தண்டுவடத்தில் ஊசி போட்டு மரத்துப்போக வைக்க நேரமுமில்லை, இவ்வளவு ரத்தம் போகும்போது அது உசிதமுமில்லை. முழு மயக்கம்தான்.

“கடைசியா எப்பம்மா சாப்பிட்டீங்க?”

“எட்டு மணிக்கு ரெண்டு இட்லி, டாக்டர்.”

நாலு மணி நேரம் ஆகிவிட்டதே என்று நிம்மதிப்பட முடியாது. வலி வந்துவிட்டால் இரைப்பை காலியாவது மந்தமாகிவிடும். நிறைந்த வயிறு என்று வைத்துக்கொண்டுதான் மயக்க மருத்துவர் வேலையைத் தொடங்குவார். மூன்று நிமிடம் ஆக்சிஜன். இதற்குள் சக்‌ஷன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதன் முனை நோயாளியின் தலையணைக்கு அடியில், டாக்டரின் வலது கைக்கு எட்டும் இடத்தில் செருகியிருக்கும். மெஷின் அறை மூலையில் இருந்து, ‘சக்‌ஷன் கொடுங்க’ என்று கேட்டு வாங்கும் நிலை வரக் கூடாது. உதவியாளர் குரல்வளைக்குக் கீழேயுள்ள குருத்தெலும்பை விரலால் அழுத்திப் பிடிப்பார். உணவுக்குழாயை மூடும் இந்த உத்தியை 1961ல் சொன்னவர் பிரிட்டிஷ் மயக்க மருத்துவர் பிரையன் செல்லிக். எவ்வளவு பலன் தருகிறது என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

தூக்கத்துக்கு ஒரு மருந்து, தசை தளர ஒரு மருந்து. நினைவு தப்புவதற்கும், மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போய் அதன் பலூன் ஊதப்படுவதற்கும் இடையே ஏறக்குறைய ஒரு நிமிடம். மயக்க மருத்துவத்தில் இதைவிட நீளமான நிமிடம் கிடையாது என்பேன். இடது கை லாரிங்கோஸ்கோப்பால் நாக்கை ஒதுக்கிப் பிடிக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் குரல்நாண் தெரிய வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஏதோ பொங்கி வருகிறது. வலது கை ட்யூபை விட்டுவிட்டுத் தலையணைக்கு அடியில் போகிறது. மேசையின் தலைப்பக்கம் தாழ்கிறது. தொண்டை காலியாகிறது, குரல்நாண் தெரிகிறது, ட்யூப் உள்ளே போகிறது, பலூன் ஊதப்படுகிறது. ட்யூப் வழியாக உள்ளேயும் ஒருமுறை மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சிவிட்டுத்தான் மூச்சுக் கொடுப்பார்கள். இறங்கியிருப்பதை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடக் கூடாது.

இட்லித் துணுக்கு முனையில் அடைத்துக்கொண்டால்? பழகிய கை யோசிக்காது. முனையைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெறும் குழாயையே வாய்க்குள் விடும். அதன் துளை பெரிது. அமெரிக்காவின் மில்வாக்கியைச் சேர்ந்த மயக்க மருத்துவர் ஜேம்ஸ் டுகாண்டோ இதற்காகவே அகன்ற துளையுள்ள சக்‌ஷன் முனையை வடிவமைத்தார். போலி வாந்தி பொங்கி வரும் பொம்மையை வைத்துப் பயிற்சியும் கொடுத்தார். லாரிங்கோஸ்கோப்புக்கு முன்னால் சக்‌ஷனை நடத்திப் போய், வழி தெரிந்ததும் அதை எடுத்துவிடாமல் வாயின் இடது ஓரத்தில் உணவுக்குழாய்க்குள் நிறுத்திவைத்துவிட்டு ட்யூப் போடுவது அவர் முறை. பொங்குவது பொங்கட்டும், அது அந்தக் குழாயிலேயே போய்க்கொண்டிருக்கும். நம் ஊர் மருத்துவக் கல்லூரிகளில் மயக்க மருத்துவம் படிக்க வரும் ஒவ்வொரு மாணவருக்கும் இப்படி ஒரு பொம்மையில் கை பழகும் வாய்ப்பு வேண்டும். முதல் முறை அதைச் சந்திப்பது உயிருள்ள ஒருவரின் தொண்டையில் என்றாகிவிடக் கூடாது.

சர்ஜனின் கையில்

உலகமெங்கும் தியேட்டர்களில் புழங்கும் அந்த வளைந்த முனைக்கு யாங்கவர் என்று பெயர். நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டை நிபுணர் சிட்னி யாங்கவர், 1907 வாக்கில் உருவாக்கியது. டான்சில் அறுவையில் ரத்தம் தொண்டைக்குள்ளேயே வடியும். அதைத் திசு சிதையாமல் எடுக்க ஒரு கருவி தேவைப்பட்டது. குமிழ்போன்ற முனை, அதைச் சுற்றிச் சிறு துளைகள். ஒரு துளையில் சதை ஒட்டிக்கொண்டாலும் மற்றவை வேலை செய்யும். அதன் பிளாஸ்டிக் வடிவம் இன்று ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருளாகிவிட்டது. வடிவம் மட்டும் பெரிதாக மாறவில்லை.

டான்சில் அறுவை முடிந்து ட்யூபை எடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு வேலை உண்டு. உள்நாக்குக்குப் பின்னால், மூக்கின் பின்புறத்தில் உறைந்த ரத்தக்கட்டி ஒளிந்திருக்கலாம். ட்யூப் எடுத்த பிறகு அது நழுவிக் குழந்தையின் குரல்வளையில் விழுந்தால் மூச்சு அடைத்துப்போகும். பிரிட்டிஷ் மருத்துவர்கள் இந்தக் கட்டிக்கு, சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கண்ணால் பார்த்து, அந்த இடத்தை உறிஞ்சிவிட்ட பிறகே ட்யூபை எடுக்க வேண்டும்.

மூளை அறுவையில் வேறு முனை. மெலிந்த குழாய், கைப்பிடியில் கட்டைவிரல் படும் இடத்தில் நீர்த்துளி வடிவில் ஒரு துவாரம். விரலால் மூடினால் முழு வேகம், விலக்கினால் மெல்லிய இழுப்பு. பிலடெல்பியாவின் நரம்பியல் அறுவை மருத்துவர் சார்லஸ் ஃப்ரேசியர் பெயரில் வழங்குவது இது. வெண்ணெய்போல் நெகிழும் திசுவுக்கு அருகே ரத்தத்தை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் அசைவில் அந்த விரல் தீர்மானிக்கிறது.

ஜாடிக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று சொல்வது அதுதான். ஜாடியில் 1,800 மில்லி சேர்ந்திருக்கிறது. அதில் வயிற்றைக் கழுவ விட்ட சலைன் 1,000 மில்லி. மிச்சம் 800 ரத்தம். ரத்தம் ஊறிய துணிகளை எடைபோட்டு, உலர்ந்த எடையைக் கழித்தால் ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று இன்னொரு கணக்கு. சிசேரியனில் பனிக்குடத் தண்ணீரும் இதே ஜாடிக்குத்தான் வரும். அது வந்து முடிந்ததும் அளவைக் குறித்துக்கொள்ளாவிட்டால் பிறகு எது ரத்தம், எது தண்ணீர் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ரத்தப் பாட்டில் எப்போது ஏற்ற வேண்டும் என்ற முடிவு இந்தக் கணக்கில் நிற்கிறது.

மோட்டாரே இல்லாமலும் உறிஞ்சலாம். குடல் அடைத்துக்கொண்டு வயிறு வீங்கி வந்தவர்கள் கொத்துக்கொத்தாக இறந்துகொண்டிருந்த 1930களில், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஓவன் வாங்கென்ஸ்டீன் மூக்கு வழியே வயிற்றுக்குள் குழாய் விட்டு, வெறும் பாட்டில்களையும் தண்ணீரின் ஏற்ற இறக்கத்தையும் வைத்து இடைவிடாமல் மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும் ஏற்பாட்டைச் செய்தார். நம் ஊரில் வயிறு வீங்கி வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்கு மூக்கில் போடும் ரைல்ஸ் ட்யூப் செய்வதும் அதே வேலைதான்.

இழுக்கத் தெரிவதும் நிறுத்தத் தெரிவதும்

வாய்க்கு 300 வேண்டும் என்றால் மூச்சுக்குழாய்க்கும் 300 என்று நினைத்துவிடக் கூடாது. ட்யூபுக்குள் குழாய் விட்டுச் சளி எடுக்கும்போது பெரியவர்களுக்கு 80 முதல் 120 போதும், பச்சிளங்குழந்தைக்கு 60 முதல் 80. அதைத் தாண்டினால் உள்தோல் பிய்ந்து ரத்தம் வரும். சளியோடு சேர்ந்து நுரையீரலின் காற்றும் வெளியேறிவிடும். உள்ளே விடும் குழாய், ட்யூபின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே போகும்போது இழுக்கக் கூடாது. வெளியே எடுத்துக்கொண்டே இழுக்க வேண்டும், அதுவும் 10, 15 விநாடிக்குள். நர்சிங் மாணவிகளுக்கு இதற்கு ஒரு வழி சொல்லிக்கொடுப்பார்கள்: குழாயை விடும்போது நீங்களும் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள், உங்களுக்கு மூச்சு முட்டும்போது நோயாளிக்கும் முட்டுகிறது.

பிறந்த குழந்தையின் வாயிலும் மூக்கிலும் குழாய் விட்டு உறிஞ்சுவது ஒரு காலத்தில் எல்லாப் பிரசவ அறைகளிலும் சடங்குபோல் நடந்தது. பனிக்குடத் தண்ணீர் தெளிவாக இருந்து, குழந்தை தானாக அழுது மூச்சு விட்டால் அது தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. தொண்டையின் ஆழத்தில் குழாய் இடித்தால் குழந்தையின் இதயத் துடிப்பே படுத்துவிடும். ஆனாலும் பழக்கத்தை விடாத பிரசவ அறைகள் இருக்கவே செய்கின்றன. விட வேண்டும்.

கரண்ட் போனால்

எனக்கு மிகவும் கவலை தருவது இந்த இடம்தான். பெரிய மருத்துவமனைகளில் சுவரிலேயே சென்ட்ரல் சக்‌ஷன் இருக்கும். பம்புகள் தனி அறையில் ஓடும். ஒன்று நின்றால் மற்றொன்று எடுத்துக்கொள்ளும். சிறிய மருத்துவமனையில் சக்கர வண்டி மெஷின் ஒன்றே கதி. மின்சாரம் போய் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை மானிட்டர் பேட்டரியில் ஓடும், மயக்க மருத்துவர் கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுப்பார். பேட்டரி இல்லாத சக்‌ஷன் நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து வாந்தி வந்தால்?

இதற்காகத்தான் கால் சக்‌ஷன் இருக்கிறது. தையல் மெஷின் மிதிப்பதுபோல் மிதித்தால் போதும். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். விலை சில ஆயிரம் ரூபாய்தான். ஆனால் பல இடங்களில் அது ஸ்டோர் ரூமில் தூசி படிந்து, ரப்பர் வெடித்துக் கிடக்கிறது. இருப்புப் பதிவேட்டில் ‘1’ என்று இருக்கும். மிதித்தால் காற்றுதான் வரும். ஒவ்வொரு தியேட்டரிலும் மேசைக்கு அடியிலேயே, மாதம் ஒருமுறையாவது மிதித்துப் பார்த்த நிலையில் அது இருக்க வேண்டும்.

இன்னொரு கொடுமை, ஒரே மெஷினை சர்ஜனும் மயக்க மருத்துவரும் பங்கு போட்டுக்கொள்வது. வயிற்றில் ரத்தம் நிற்காமல் வரும் அதே நேரத்தில்தான் தொண்டையிலும் பொங்கும். யார் கையிலிருந்து யார் பிடுங்குவது? தலைமாட்டுக்கென்று தனி சக்‌ஷன் வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2008ல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில், மயக்கம் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இவருக்குப் புரையேறும் அபாயம் இருக்கிறதா, இருந்தால் கருவியும் உதவியும் தயாரா? பல இடங்களில் இதற்கு நேராக டிக் மட்டும் விழுகிறது.

மெஷின் கெடுவது பெரும்பாலும் அற்பக் காரணங்களால். ஜாடி நிரம்பியதை யாரும் கவனிக்காமல், தடுப்பு மிதவையும் ஒட்டிக்கொண்டு வேலை செய்யாமல் போனால் திரவம் மோட்டாருக்குள் போய் அதை முடித்துவிடும். நடுவில் இருக்கும் கிருமி வடிகட்டி நனைந்துவிட்டால் காற்றே போகாது. கழுவி மாட்டும்போது நோயாளிக்குப் போகும் குழாயையும் மோட்டாருக்குப் போகும் குழாயையும் இடம் மாற்றிச் செருகிவிடுவதும் நடக்கும். எந்தத் துளையில் எது என்று மூடியிலேயே அழியாத மையில் எழுதிவைத்தால் தீர்ந்தது.

அந்த ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுகிறவரை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா. ஜாடிக்குள் இருப்பது யாருடைய ரத்தம், அதில் என்ன கிருமி என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தலைக்கு மேல் தூக்கிச் சாய்க்கும்போது தெறிப்பது முகத்தில். திரவக் கழிவைக் கிருமி நீக்கிய பிறகே சாக்கடையில் விட வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள். அவருக்கு முழங்கைவரை கையுறையும் கண்ணாடியும் கொடுத்தாக வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். உள்ளே பை மாட்டி அப்படியே மூடி அகற்றும் ஜாடிகள் சந்தையில் இருக்கின்றன. செலவு கூடும். அந்தச் செலவைச் செய்யத்தான் வேண்டும்.

நோயாளி செய்ய வேண்டியது

சக்‌ஷன் தேவைப்படாமல் இருப்பதே நல்லது. அதற்குத்தான் வெறும் வயிறு. இட்லி, கஞ்சிபோல் லேசான உணவென்றால் ஆறு மணி நேரம், பிரியாணி, எண்ணெய்ப் பலகாரம் என்றால் எட்டு, தாய்ப்பாலுக்கு நான்கு. தண்ணீருக்கு இரண்டே மணி நேரம். காலையில் ஆபரேஷன் என்பதற்காக முந்தைய இரவிலிருந்து குழந்தையைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வாட்டுவது தேவையே இல்லாத வதை. ஆனால் பால் கலந்த காபி தண்ணீர்க் கணக்கில் வராது, அது உணவுக் கணக்கு. ‘ஒரு வாய் காபிதானே’ என்று வார்டில் கொடுத்துவிட்டு, டாக்டர் கேட்டால் ‘ஒண்ணுமே சாப்பிடலீங்க’ என்று மறைப்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிடுவார்களோ என்ற பயம். அவசரமில்லாத ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த மணிக்கணக்கும் பொய்த்துப்போகலாம், இரைப்பை காலியாவது அவர்களுக்கு மந்தம். இப்போது சர்க்கரைக்கும் உடல் எடையைக் குறைப்பதற்கும் வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைட், டிர்செபடைட் போன்ற ஊசிகள் அந்த மந்தத்தை இன்னும் கூட்டுகின்றன. பட்டினி இருந்து வந்தவரின் வயிற்றிலும் உணவு மிச்சமிருக்கலாம். இதைக் கண்டுதான் 2023ல் அமெரிக்க மயக்கவியல் சங்கம் மருத்துவர்களை எச்சரித்தது. ஊசியை எடுத்துக்கொள்பவர்கள் தாமாகவே நிறுத்திவிட வேண்டாம்; சர்க்கரை எகிறினால் அது வேறு சிக்கல். ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போதே ஊசியின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நிறுத்துவதா, முதல் நாள் திரவ உணவு மட்டும் கொடுப்பதா, ஸ்கேனில் வயிற்றைப் பார்த்துவிட்டுத் தொடங்குவதா என்று அவர் முடிவு செய்வார்.